இடக்கியல்: செல்ஃப் எடுக்காமை குறித்துத் தேவிபட்டினத்தில் நிகழ்ந்த ஓர் ஆய்வு

பாயிரம்

சிறப்புப் பாயிரத்துக்கு எட்டு உறுப்பு என்பது நன்னூல் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்கும் தெரியும்; படித்தவர்கள் விடமாட்டார்கள். ஆகவே முறைப்படியே தொடங்குகிறேன். ஆக்கியோன்: காரின் சொந்தக்காரனாகிய நான். வழி: கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரிந்து தேவிபட்டினம் நவபாஷாணத்துக்குப் போகும் வழி. எல்லை: வேங்கடத்துக்கும் குமரிக்கும் இடைப்பட்ட அளவு பெரிதில்லை. கார் நின்ற வேப்பமரத்தடிக்கும், தள்ளிக்கொண்டுபோய் விட்ட டீக்கடை வாசலுக்கும் நடுவே சுமார் 200 அடி. நூற்பெயர் மேலே இருக்கிறது. யாப்பு: உரைநடை, நடுநடுவே வசவு (வசவு அச்சில் நீக்கப்பட்டது). நுதலிய பொருள்: 1991-ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் கார் ஒன்று, சாவியைத் திருப்பினால் சில வேளை எடுப்பதும் சில வேளை எடுக்காததும். கேட்போர்: தள்ள வந்த நான்கு பேர், அவர்கள் கேட்கவில்லை, தள்ளினார்கள். பயன்: அடுத்த தடவை தள்ளாமல் இருப்பது.

காரின் கம்பெனிப் பெயரைச் சொல்லமாட்டேன். முப்பது வயது தாண்டிய பிள்ளை பண்ணும் கூத்துக்குப் பெற்றவர்களை இழுப்பது முறையன்று.

ஆய்வு எழுந்த சூழலையும் சொல்ல வேண்டும். சூழல் சொல்லாத ஆய்வேட்டைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிவிடுவார்கள். ஓர் ஆடி அமாவாசைக்கு மறுநாள். பின்சீட்டில் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர். ராமேசுவரம் போகிறவர்கள் முதலில் தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லைச் சுற்றிவிட்டுப் போவது இந்தப் பக்கத்து வழக்கம். இலங்கைக்குப் போகுமுன் ராமர் இங்கே நவக்கிரகம் நிறுவி வழிபட்டார் என்றும், அலை இடைஞ்சல் செய்யாதபடி பெருமாள் கடலை அடக்கிக் கொடுத்தார் என்றும் ஊர்க்கதை. கடலடைத்த பெருமாள் என்ற பெயரில் அவருக்கு இங்கே கோயிலும் இருக்கிறது. பேராசிரியர் கல்லைச் சுற்றினார். கிரகம் ஒன்பதாயிருக்க வேற்றுமை மட்டும் எட்டோடு நின்றது ஏன் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காருக்குத் திரும்பினோம். சாவியைத் திருப்பினேன். “டக்.” அவ்வளவுதான்.

“செல்ஃப் எடுக்கல சார்” என்றேன்.

“தானியங்கித் தொடக்கி இயங்கவில்லை என்று சொல்லுங்கள்” என்றார்.

சொன்னவர் இறங்கவில்லை. சாவி போட்டு, செகண்ட் கியரில் கிளச்சை மிதித்து, வண்டி ஓட்டம் பிடித்ததும் கிளச்சை விட்டால் இஞ்சின் எடுத்துக்கொள்ளும். ஆனால் அமாவாசைக் கூட்டம் முழுதும் கலையாத தெருவில் ஓட்டம் ஏது? டீக்கடை வாசலுக்காவது போகட்டும் என்று நால்வரும் பின்னால் தள்ள, நான் கதவைத் திறந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பக்கத்தில் தள்ளினேன். ஆறாவது ஆளின் எடை உள்ளேயே இருந்தது. இந்த ஆய்வு அவருக்கே காணிக்கை.

சொல்

அறியாதார் ‘செல்ஃப்’ என்பதை ஆங்கிலச் சொல் என்பர். அற்றன்று. இது ‘செல்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. ‘என்ப’, ‘மொழிப’ என்பவை போலச் ‘செல்ப’. பலர்பால் படர்க்கை வினைமுற்று. பொருள், ‘அவர்கள் போவார்கள்’. ஒருவர் போவது என்றால் ‘செல்வான்’ என்று இருந்திருக்கும். பலர்பாலில் அமைந்தது ஏனெனின், இந்தக் காரில் போக ஒருவர் போதாது, தள்ளுவதற்குப் பலர் வேண்டும் என்பதை முன்னோர் முன்பே கண்டனர் என்க. நடுவில் ஆய்தம் வந்து நுழைந்தது ஏனெனின், ஆய்தம் அடுப்புக் கல் போல மூன்று புள்ளி: பேட்டரி, மோட்டார், எர்த். மூன்றில் ஒரு கல் சரிந்தாலும் உலை ஏறாது.

இந்த வேரை முதலில் கண்டவன் நானே என்று எழுதிக்கொள்ள ஆசைதான். ஆனால் ராமநாதபுரம் போகும் டவுன் பஸ் ஒன்றின் கடைசி சீட்டு முதுகில், அம்பு பாய்ந்த இதயம் ஒன்றுக்குக் கீழே, ‘செல்ப’ என்று முன்பே கீறப்பட்டிருந்தது. அது ‘செல்லப்பா’ என்று எழுத வந்தவன் அவசரமாக இறங்கியதால் குறைந்து நின்ற வடிவம் என்பது மறுப்பாளர் கட்சி. அந்தச் சீட்டை இப்போது மாற்றிவிட்டார்கள். சான்று போய்விட்டதால் என் முடிவு இனி அசைக்க முடியாதது.

வரலாறு

ஆதியில் கைப்பிடி இருந்தது. அதைக் காரின் மூக்கில் செருகிச் சுற்ற வேண்டும். இஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போகும். 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் மின்சார மோட்டாரை வைத்துக் கொடுத்தார், மணிக்கட்டுகள் பிழைத்தன. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1914 பிப்ரவரியில், பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள். கப்பல் போவதற்கு அதன் நடுப்பகுதியைத் தூக்க ஆட்கள் நின்று கையால்தான் சுற்றினார்கள். நூறு வருடத்துக்கு மேல் அப்படியே சுற்றினார்கள். மோட்டாரால் நேர்மேலே எழும்பும் புதுப்பாலம் 2025 ஏப்ரலில்தான் வந்தது.

தள்ள வந்த நால்வரில் ஒருவர் நாட்டுப்படகுக்காரர். “எங்க வள்ளத்துல கைப்பிடி போட்டுத்தான் சார் சுத்துறோம். சாவியே கெடையாது, அதனால சாவிக் கோளாறும் கெடையாது” என்றார். இந்த ஆய்வில் மறுக்க முடியாத கூற்று இது ஒன்றுதான்.

ஒலி

இனித்தான் ஆய்வின் இதயம். சாவியைத் திருப்பியதும் எழும் ஒலியே இத்துறைக்கு மூலபாடம். அதை ‘டக்’ என்று எழுதுவது பாமர வழக்கு. டகரம் மொழிக்கு முதலில் வராது. வல்லின ஒற்று மொழிக்கு இறுதியில் வராது. இரண்டையும் விலக்கினால் எஞ்சுவது ஓர் அகரம். அகரத்தைக் கொண்டு கார் எடுக்க முடியாது. ஆகையால் முன்னே ஓர் இகரமும் பின்னே ஓர் உகரமும் பெய்து ‘இடக்கு’ என்று கொள்க. பெய்த மாத்திரத்தில் நேரும் அற்புதத்தைக் கவனிக்க வேண்டும். “வண்டி இடக்குப் பண்ணுது” என்று நம் ஊர்க் கிழவிகள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். மொழிமுதல் விதி, மொழியிறுதி விதி, குற்றியலுகரம் மூன்றையும் ஒரே சொல்லில் காப்பாற்றியிருக்கிறார்கள். இப்போது இத்துறையின் பெயர் எங்கிருந்து வந்தது என்று விளங்கியிருக்கும்.

இடக்கு மூவகைப்படும்.

முதலாவது மௌன இடக்கு. சாவி திரும்புகிறது, விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் ஊமை. சாவி சுவிட்ச், ரிலே, சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மௌனத்துக்குப் பக்கம் பக்கமாக உரை எழுதியவர்கள் தமிழில் இருக்கிறார்கள். நான் அந்த வரிசையில் சேரவில்லை.

இரண்டாவது தொடர் இடக்கு: ‘டக்டக்டக்டக்’. இது நிகழும் முறை வருமாறு. சொலினாய்டு என்பது காந்தத்தால் இழுக்கப்படும் ஒரு தடித்த சுவிட்ச். சாவியிலிருந்து வரும் சிறு மின்சாரத்தில் அது மூடிக்கொள்ளும். மூடியதும் பேட்டரியின் முழு மின்சாரமும் மோட்டாருக்குப் பாயும். பேட்டரி இளைத்திருந்தால் பாய்ந்த கணமே வோல்ட் சரியும். காந்தம் பிடியை விடும். ஸ்பிரிங் திருப்பித் தள்ளும். பாரம் இறங்கியதால் வோல்ட் மறுபடி தலைதூக்கும். காந்தம் மறுபடி இழுக்கும். இப்படியே அது தன்னைத்தானே அடித்துக்கொண்டிருக்கும்.

இதுவரை எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவார். எவரும் கேட்காத கேள்வி, இந்த ‘டக்டக்’ இரட்டைக்கிளவியா, அடுக்குத்தொடரா என்பது. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது. அடுக்குத்தொடர் பிரித்தாலும் பொருள் தரும். ஒவ்வொரு ‘டக்’குக்கும் ‘சொலினாய்டு ஒருமுறை மூடிற்று’ என்று தனிப்பொருள் இருப்பதால் இது அடுக்குத்தொடரே என்பது ஒரு சாரார் துணிவு. அங்ஙனமாயின் அடுக்கு நான்குக்கு மேல் போகக் கூடாதே, இளைத்த பேட்டரி இருபது முறை அடிக்கிறதே என்பது மறு சாரார் தடை. இலக்கணத்தைத் திருத்துவதா, பேட்டரியைச் சார்ஜ் ஏற்றுவதா என்று இரு தரப்பும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. சார்ஜருக்குப் பிளக் போட ஆள் இல்லை.

இவ்விவாதத்துக்குக் கல்வெட்டுச் சான்று ஒன்று கிடைத்திருக்கிறது. மேற்படி டீக்கடையின் வடக்குச் சுவர், பாய்லருக்குப் பின்னே, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், கரியால் இட்ட ஐந்து நெடுங்கோடுகள். இவை என் கார் அந்த வாசலில் ‘டக்’ என்ற தடவைகளின் எண்ணிக்கை என்று நான் துணிந்தேன். டீ மாஸ்டரோ இவை ஒருவர் கொடுக்க வேண்டிய டீப் பாக்கி என்கிறார். எழுதியவரே சொல்வதால் அதற்குப் பெரிய மதிப்பில்லை. மூன்று நாள் கழித்து மறுகள ஆய்வுக்குப் போனபோது கோடுகள் ஏழாகியிருந்தன. அந்த மூன்று நாளும் கார் வேறு ஊரில் இருந்தது. எனவே இவற்றை எண்ணிக்கையாகக் கொள்ளாமல் தீர்க்கதரிசனமாகக் கொள்வதே பொருத்தம்.

ஏட்டுச் சான்றும் உண்டு. பேட்டரி வாரண்டி அட்டையின் பின்பக்கம், கீழிருந்து நான்காம் வரியில் ‘உபயோகிக்கும் முன்’ என்பதை அடுத்துள்ள சொல் கறை படிந்து மறைந்திருக்கிறது. கறையைப் புளிக்குழம்பு என்று ஓர் உரைகாரரும் (என் மனைவி), ரசம் என்று இன்னோர் உரைகாரரும் (என் மாமியார்) கொள்வர். குழம்பெனக் கொண்டால் அட்டை ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்குள் போயிருக்க வேண்டும், ரசமெனின் திங்கள். ஞாயிறன்று பேட்டரியைக் கழற்றியவன் நான். ஆகவே குழம்பு. மறைந்த சொல் என்னவென்று இருவரும் கேட்கவில்லை. இந்தப் பழக்கத்தை அவர்கள் வேறு எங்கும் கற்றிருக்க முடியாது. இருவரும் தமிழ்த்துறையில் படித்தவர்கள்.

மூன்றாவது ஓரிடக்கு. ஒரே ஒரு ‘டக்’, பிறகு அமைதி. சொலினாய்டு தன் கடமையைச் செய்துவிட்டது, மோட்டார் சுற்றவில்லை. சொலினாய்டுக்குள் இருக்கும் செப்பு முகங்கள் கருகியிருக்கலாம். மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கலாம். அல்லது கனத்த மின்சாரம் போகும் பாதையில் எங்கோ ஓர் இணைப்பு வாய்பேசாமல் வழிமறித்துக்கொண்டிருக்கலாம். என் காரின் நோய் இவ்வகை.

இடம்

நோய் விட்டுவிட்டு வருவதால் அது யார் இருக்கும்போது வருகிறது என்று ஆராய்வது அவசியம். இலக்கணத்தில் இடம் மூன்று. தன்மை: நான் தனியே சாவியைத் திருப்பினால் எடுக்காது. முன்னிலை: மெக்கானிக் முன்னே நின்றால் எடுக்கும். படர்க்கை: மைத்துனன் கேட்டு வாங்கிக்கொண்டு போனால் கன்னியாகுமரி வரை போய்வரும்.

காரணம்

தொல்காப்பியத்தில் அதிகாரத்துக்கு ஒன்பது இயல். தேவிபட்டினத்தில் ஒன்பது கல். ஆகவே காரணங்களும் ஒன்பதே. தேடியதில் ஏழுதான் கிடைத்தன. ஆய்வாளனுக்கு அதனால் நட்டமில்லை. ஒன்பது கிரகத்திலும் ஏழுக்குத்தான் உடம்பு உண்டு, ராகுவும் கேதுவும் நிழல். அதுபோல இரண்டு நிழற்காரணங்களைச் சேர்த்துக்கொண்டேன்.

ஒன்று, பேட்டரி. பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே 1859-இல் செய்த அதே ஈயமும் அதே அமிலமும்தான் இன்றும். நன்றாய் இருந்தால் சும்மா இருக்கையில் 12.6 வோல்ட்.

இரண்டு, டெர்மினல். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனெனில் இது ராமநாதபுரச் சீமையின் சொந்தச் சரக்கு. பாக் நீரிணைக் காற்றில் உப்பு இருக்கிறது. அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொண்டு எந்த உலோகத்தின் மேலும் குடியேறும். இரும்பு துருவாகும், ஈயக் கொண்டையில் வெள்ளை பூக்கும், செம்பில் நீலப்பச்சை படரும். பூப்பவையும் உப்பு வகைதான். இதைப் போக்க வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஊற்ற வேண்டும். ஆப்பசோடாவும் ஓர் உப்பு. பிறகு தேய்க்க வேண்டும். தேய்ப்பதற்குப் பெயர் உப்புத்தாள். உப்பால் வந்ததை உப்பால் போக்கி உப்பால் தேய்ப்பதை ஒரு வாதமாக எழுதினால் எந்தக் கருத்தரங்கிலும் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் வேண்டாம், உண்மை வேண்டும் என்பவர்கள் காரைக்குடிக்குப் போகலாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. ஊருக்கு அது ‘சிக்ரி’. உலோகம் கடற்காற்றில் எப்படி அரிக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு மண்டபம் என்னும் ஊரிலும் ஒரு நிலையம் உண்டு. அவர்கள் சோதிக்கும் தகடுகளைப் போலவே என் காரும் வருடக்கணக்காகக் கடற்காற்றில் நின்றது. வித்தியாசம், அவர்கள் குறிப்பு எடுத்தார்கள்.

மூன்று, சாவி சுவிட்ச். நான்கு, ரிலேயும் சிறு வயரும். இவற்றில் ஆழமான கருத்து எதுவும் இல்லை, நேரே கடக்கலாம்.

ஐந்து, சொலினாய்டு. மேலே பார்த்தோம்.

ஆறு, எர்த். கீழே பார்ப்போம்.

ஏழு, செல்ஃப் மோட்டார். கார்பன் தேய்ந்து ஓரிடத்தில் தொடாமல் நின்றால், ஸ்பேனரால் மோட்டாரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் தொட்டுக்கொண்டு எடுக்கும். தட்டி எடுத்தால் நோய் மோட்டாரில் என்று பொருள். குணமாயிற்று என்று பொருளில்லை. இதைக் குணமென்று கொண்டவர்கள் டிக்கியில் சுத்தியலோடு திரிகிறார்கள்.

எட்டு, நியூட்ரல் சுவிட்ச். கியர் தானே மாறும் வண்டிகளில் மட்டும் இருப்பது. என் காரில் இல்லை. இல்லாதது கெட்டுப்போனதா என்று இரண்டு மாலை ஆராய்ந்தேன்.

ஒன்பது, திருஷ்டி. முன்பக்கம் எலுமிச்சை கட்டித் தொங்கவிட வேண்டும். இதில் விஞ்ஞானம் இல்லாமலில்லை. ஒரு பழத்தில் செம்பும் துத்தநாகமும் செருகினால் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். பதினான்கு பழத்தை வரிசையாய் இணைத்தால் 12 வோல்ட்டே வந்துவிடும். வோல்ட் வரும், ஆம்பியர் வராது. கார் மோட்டாருக்கு நூற்றைம்பது ஆம்பியர் வேண்டும். எலுமிச்சை அதில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் தராது. மிளகாயின் பங்களிப்பு எனக்குப் புலப்படவில்லை.

களப்பணி

டீக்கடைக்கு எதிரே ஒரு மெக்கானிக் கடை. என் கருதுகோள்களை எல்லாம் வரிசையாக அவரிடம் சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“சார், லைட்டப் போடுங்க. போட்டுக்கிட்டே சாவியத் திருப்புங்க.”

திருப்பினேன். டக். முகப்பு விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை.

“பேட்டரில ஒண்ணுமில்ல” என்றார். மீட்டரை எடுத்து டெர்மினல் இரண்டிலும் வைத்தார், சுத்தம். சாவி சுவிட்சை விட்டுவிட்டு சொலினாய்டுக்கு நேரே ஒரு துண்டு வயரைக் கொடுத்தார். அப்போதும் டக். ஆகவே சாவி, ரிலே, சிறு வயர் மூன்றும் ஒரே தொடுதலில் விடுதலை. சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டையும் மீட்டரால் தொட்டு என்னைத் திருப்பச் சொன்னார். மின்சாரம் அதைத் தாண்டி மோட்டாருக்குள் போகிறது என்றார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் மனத்தாங்கல். நான் நான்கு பக்கம் எழுதிவைத்திருந்த காரணங்களை அவர் டீ ஆறுவதற்குள் அடித்துவிட்டார்.

பிறகு அவர் செய்ததை எந்த நூலிலும் நான் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு தடவை சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டார். சட்டென்று கையை எடுத்தார்.

“பாத்தீகளா, சுடுது.”

ஆக்ஸிலரேட்டர் கேபிள் கால்மிதிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஓடும் கம்பி. அதற்கும் செல்ஃபுக்கும் ஜென்மத்தில் உறவில்லை. பேராசிரியர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். மெக்கானிக் விளக்கினார், அவர் சொன்னதை என் நடையில் கெடுத்துத் தருகிறேன். பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் மோட்டாருக்குள் போய், மோட்டார் பொருத்தியிருக்கும் இஞ்சின் வழியாக, காரின் உடம்பு வழியாக, பேட்டரிக்கே திரும்ப வேண்டும். ஆனால் இஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல். ரப்பரில் மின்சாரம் போகாது. அதனால் இஞ்சினிலிருந்து உடம்புக்குப் பின்னிய செம்பு நாடா ஒன்றைப் போட்டு முடுக்கியிருப்பார்கள். அதுதான் எர்த். அது கெட்டால் மின்சாரம் வீட்டுக்குப் போக வேறு சந்து தேடும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் இஞ்சினையும் தொடுகிறது, உடம்பையும் தொடுகிறது. நூற்றைம்பது ஆம்பியரும் அந்த மெல்லிய கம்பிக்குள் முண்டியடித்தால் சுடாமல் என்ன செய்யும்?

விளக்கு மங்காததன் காரணமும் இதுதான். விளக்கின் எர்த் நேரே உடம்பில். அதற்கு இஞ்சின் தயவு தேவையில்லை. சும்மா இருக்கையில் மீட்டர் வைத்தால் எங்கும் 12.6 காட்டி ஏமாற்றும். ஓம் 1827-இல் அச்சிட்ட விதியைப் போட்டுப் பாருங்கள். கெட்ட இணைப்பின் தடை 0.03 ஓம் என்று வைத்தால், ஐந்து ஆம்பியர் போகும்போது தொலைவது 0.15 வோல்ட், யாரும் கவனிக்கமாட்டார்கள். அதே இடத்தில் 150 ஆம்பியர் போகப் பார்த்தால் 4.5 வோல்ட் அங்கேயே போய்விடும். எஞ்சியதை வைத்துக்கொண்டு மோட்டார் ‘டக்’ என்று சொல்லலாம், சுற்ற முடியாது. ஆட்டத்தில் இஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்து நாடா நல்ல இடத்தைத் தொட்டுவிட்டால் மறுபடி எடுக்கும். முன்பெல்லாம் தள்ளிய பிறகு எடுத்ததும், மைத்துனனிடம் எடுத்ததும், பல மெக்கானிக்குகள் முன்னே எடுத்ததும் இப்படித்தான். முன்னிலை படர்க்கை பற்றி நான் எழுதியதை வாபஸ் வாங்குவதாயில்லை, தட்டச்சு ஆகிவிட்டது.

உறுதிப்படுத்திக்கொள்ள ஜம்பர் கேபிளின் ஒரு நுனியை இஞ்சின் இரும்பில் மாட்டி, மறு நுனியைப் பேட்டரியின் மைனஸில் தொட்டார். “இப்பத் திருப்புங்க.” ஒரே திருப்பு. இஞ்சின் எடுத்தது.

காருக்கு அடியில் படுத்து அந்த நாடாவைக் கழற்றிக்கொண்டு வந்தார். போல்ட் துரு, நுனி முழுக்கப் பச்சை, பாதி இழை அறுந்திருந்தது.

“களிம்பு!” என்றார் பேராசிரியர். செல்ஃப் மக்கர் பண்ணிய பிறகு முதன்முறையாகக் காரைவிட்டு இறங்கினார். “செம்பில் களிம்பு! சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை. களிம்பு செம்பில் பிறகு வந்து சேர்ந்ததில்லை, செம்பு தோன்றியபோதே உடன் இருப்பது. உயிரோடு ஆணவமும் அப்படித்தான். செல்ஃப் என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன பொருள்? தான். ஆன்மா. ஆன்மா ஏன் எழவில்லை? களிம்பு!”

“இல்லங்கய்யா, இது உப்புக் காத்துல பிடிச்சது. புதுசுல நல்லாத்தான் இருந்திருக்கும்” என்றார் மெக்கானிக்.

பேராசிரியர் அதைப் பூர்வபட்சமாக எடுத்துக்கொண்டு மறுக்கத் தொடங்கினார். ரசவாதக் குளிகை பட்டால் செம்பின் களிம்பு நீங்கும், குரு அருள் பட்டால் மலம் நீங்கும் என்ற இடத்துக்கு அவர் வந்தபோது மெக்கானிக் இரும்பை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, புது நாடாவைப் போட்டு, முடுக்கி, மேலே கிரீஸ் பூசி, கை கழுவிவிட்டு வந்துவிட்டார்.

பாடபேதம்

இந்த ஆய்வுக்கு எஞ்சிய ஒரே எழுத்துச் சான்று மெக்கானிக் கொடுத்த பில். ஒரு சிகரெட் அட்டையின் உட்புறம், பால்பாயிண்ட் பேனா, ஒரு வரி: ‘எருத்து வயர் 1’. கீழே தொகை.

நான் ‘எர்த்து’ என்று வாசித்தேன். பேராசிரியர் அட்டையை என் கையிலிருந்து வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். ‘எருத்து’ என்பதே மூலபாடம், திருத்தக் கூடாது என்றார். எருத்து என்றால் பிடரி. எருத்தடி என்றால் செய்யுளில் கடைசி அடிக்கு முந்திய அடி. “எத்தனை காரணம் சொன்னீர்கள்?”

“ஏழு சார். நிழல் ரெண்டு.”

“நிழலைத் தள்ளுங்கள். எர்த் எத்தனையாவது?”

“ஆறாவது.”

“ஈற்றயல்!” என்றார். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏழில் ஆறாவது ஈற்றயல்; ஈற்றயல் எருத்து; எழுதியவர் தெரிந்தே எழுதியிருக்கிறார். மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு எந்த ஊர், யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டார். அவர் எட்டாம் வகுப்பு என்று சொன்னார். பேராசிரியர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பணம் கொடுத்தது நான்.

ராமநாதபுரம் போகும் வழியில் திடீரென்று வண்டியை நிறுத்தச் சொன்னார். சாலையோரம் ஒரு பலகையில் ‘கருவாட்டுக் கடை’ என்பதற்குப் பதில் ‘கருவாட்டு கடை’ என்று இருந்ததாம்; ஒற்று விழுந்துவிட்டதைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இறங்கினார். இஞ்சினை அணைத்தேன். அவர் கடைக்காரரைக் கூப்பிட்டு வல்லினம் மிகும் இடங்களைச் சொல்லத் தொடங்கியிருந்தார். சோதித்துப் பார்ப்போமே என்று சாவியைத் திருப்பினேன்.

முதல் திருப்பிலேயே எடுத்தது. பேராசிரியர் இன்னும் ஏறவில்லை.